சும்மா கேக்கறீங்களா, எடுத்துக்க கேக்கறீங்களா?

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஸ்டோரிலிருந்து கார்டுப் பெட்டி போய்க் கம்ப்யூட்டர் வரும் என்று சொன்னேன், வந்தது. வந்த கம்ப்யூட்டர் ஒரே தோலை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு முழிக்கும் என்று சொன்னேன்; முழித்தது. அதை எஸ்தரம்மாதான் நிமிர்த்துவார் என்றும் சொன்னேன். நம் எல்லோருக்கும் முன்னால் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார் என்பதையும் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்காதீர்கள். சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, குடியாத்தத்தில் என் வீட்டு மாடியில் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆம்பூரிலிருந்து எஸ்தரம்மாவின் மகள். "அங்கிள், அம்மா போய்ட்டாங்க. காப்பி கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்றாள். நான், "தெரியும்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ! எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லிப் பழகிய வாய். குழாயை மூட மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து சத்தம் போட்ட பிறகுதான் மாடி முழுக்கத் தண்ணீர் நிற்பது தெரிந்தது.

நம் பழைய ஊழியர் சங்கத்து மலருக்கு எஸ்தரம்மாவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வேறு யார் எழுதுவது? படித்தது எட்டாவதுதான் என்றாலும், அந்த எட்டாவதை நான் படித்ததுபோல் யாரும் படித்ததில்லை. அதில் மூன்று வருடம் இருந்தேன்.

நம் தோல் ஷாப்பில் பின்னாளில் வந்து சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு முழுப் பெயர் செலக்டர் முனிரத்தினம். பதப்படுத்தி, சாயம் ஏற்றி, மெருகு போட்ட ஆட்டுத்தோல் என் மேஜைக்கு வரும். உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடுவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ஆடு ஜவ்வாது மலையில் மேய்ந்ததா, ஆந்திரா பக்கம் மேய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை அந்த ஆட்டின் குணத்தைக்கூடச் சொன்னேன். நான் பிரித்த தோல் லாட் லாட்டாகக் கட்டப்பட்டு ஸ்டோர் ரேக்குக்குப் போகும். அங்கே இருந்தவர் எஸ்தர். எழுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் வந்தார். நெற்றியில் பொட்டில்லாமல், காதில் சின்னத் தோடுடன், ஒட்ட முடித்த கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில்.

அவர் வந்தபோது ஸ்டோரில் நடந்துகொண்டிருந்தது பெரிய கூத்து. ஸ்டோர் தோலை எடுக்க இரண்டு பக்கத்திலிருந்து ஆள் வரும். செருப்புப் பகுதிக்கு வெட்ட விஷாரம் பாய் வருவார். மேல்விஷாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்ததால் அவருக்கு அந்தப் பெயர். வெளிநாட்டுக்கு அனுப்பும் பேக்கிங்குக்குக் கோபால் வருவான். ஒவ்வொரு லாட்டுக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு: என்ன நிறம், என்ன தரம், எத்தனை டஜன், கடைசியில் 'யாருக்கு' என்று ஒரு கட்டம். பாய் வந்து நோட்டைப் பார்ப்பார். கட்டம் காலி. சரி, இருக்கு என்று போய்த் தன் ஆட்களைக் கூட்டி வருவார். அதற்குள் கோபால் வந்து அதே கட்டத்தைப் பார்ப்பான். அவனுக்கும் காலி. அவனும் போய்ப் பெட்டி செய்யச் சொல்லிவிடுவான். ஒருநாள் பிரவுன் லாட் ஒன்றில் பாதியைப் பாய் வெட்டி முடித்த பிறகு, கோபால் முழு லாட்டுக்கும் பெட்டி அடித்துக்கொண்டு வந்து நின்றான். இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்தான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் இரண்டு கையால் தூக்கிப் பிரித்து வைத்தேன். தூக்கவில்லை, பேசித்தான் பிரித்தேன். ஆனால் தூக்கியிருக்க முடியும்.

எஸ்தர் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரெண்டு பேரும் பாத்தப்போ காலியாதான் இருந்துச்சு. பாத்துட்டுப் போனாங்களே, அதான் தப்பு. ஒரே பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ள வீட்டுக்கும் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டோம்."

"பின்ன பாக்காமலே எடுத்துட்டுப் போவ சொல்றியாம்மா?" என்றார் பாய்.

"பாருங்க பாய். ஆனா பாத்த கைய எடுக்கறதுக்குள்ள எழுதிடுங்க."

அடுத்த வாரம் நோட்டு போய் ஒரு மரப்பெட்டி வந்தது. லாட்டுக்கு ஒரு கார்டு. பெட்டியின் ஓரத்தில் ஆணி அடித்து, நூலில் பென்சில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அந்தப் பென்சில் வேலூர் லாங் பஜாரிலிருந்து நான் வாங்கி வந்தது. நூல் எங்கள் வீட்டுத் தறி நூல். கண்டுபிடிப்பில் பாதி என்னுடையது என்று நான் சொன்னால் அதில் தப்பில்லை. அன்றிலிருந்து ஸ்டோர் ஜன்னலில் யார் போய் நின்று "அந்தக் கறுப்பு லாட்டு இருக்குதா?" என்று கேட்டாலும், எஸ்தர் இருக்கு என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஒரே கேள்வி திரும்பி வரும்.

"சும்மா கேக்கறீங்களா, எடுத்துக்க கேக்கறீங்களா?"

சும்மா என்றால் கார்டை எட்ட நின்று காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார். எடுத்துக்க என்றால், கார்டை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டம் காலியா என்று பார்த்து, விரலை எடுக்காமலே பெயரை எழுதிவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். "இருந்துச்சு. இப்ப உங்களுது." அந்த நேரத்தில் பின்னால் யார் வந்து நின்றாலும், ஏன், மேனேஜரே நின்றாலும், விரல் கார்டிலிருந்து எழாது. "பாக்கறதும் எழுதறதும் ஒரே வேல சார், ரெண்டு வேல இல்ல" என்பார். அதற்குப் பிறகு நம் ஷாப்பில் ஒரு லாட் இரண்டு பேருக்குப் போனதே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம்! உங்களில் எத்தனை பேர் அந்த ஜன்னலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்! இப்போது எழுதும்போதே எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

நான் அந்த ஜன்னலுக்கு ஒருநாளைக்குப் பத்துத் தடவை போவேன் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. செலக்டருக்கு ஸ்டோரில் வேலை காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறைதான். மீதி எட்டுத் தடவை, நான் காலையில் அனுப்பிய லாட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கப் போவேன். "சும்மா கேக்கறீங்களா?" என்பார். "சும்மாதான்" என்பேன். சிரித்துக்கொண்டே கார்டைக் காட்டுவார். மற்ற ஆண்களை எல்லாம் அண்ணா என்று கூப்பிட்டவர், என்னை மட்டும் செலக்டரே என்றார். பாய் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "இன்னா தோஸ்த், ஒரே லாட்ட எத்தன தடவடா கேப்ப? அந்த ஆடு உயிரோட இருந்தா அதுவே பேஜாராயி ஓடியிருக்கும்" என்றார். நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆறு தறி. அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலே எங்கள் அம்மாவின் சத்தம். வேதக்காரப் பெண் என்ற வார்த்தையை அந்த வீட்டில் எப்படி எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக யோசித்தேன். நான் எதையும் ஆழமாகத்தான் யோசிப்பேன்.

ஒரு சனிக்கிழமை பாய் வந்து என் காதில், "ஜோலார்பேட்டையில இருந்து ரயில்வே மாப்பிள்ள வர்றானாம் எஸ்தருக்கு. நீ தோலையே தடவிட்டு இரு" என்றார். அடுத்து நடந்ததைத்தான் நான் நாற்பது வருடமாக டீக்கடையில் சொல்லி வருகிறேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். முறைப்படி இங்கேயும் எழுதிவிடுகிறேன். நேராக ஸ்டோருக்குப் போனேன். நடையில் ஒரு கம்பீரம். எஸ்தர் கையில் ஏதோ ஒரு லாட்டின் கார்டு இருந்தது. "உங்களுக்கு வரன் பாக்கறாங்களாமே, நெஜமா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "சும்மா கேக்கறீங்களா செலக்டரே, எடுத்துக்க கேக்கறீங்களா?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எடுத்துக்கத்தான் கேக்கறேன்" என்றேன். அவர் கண் கலங்கியது. "ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? நேத்து சாயந்தரம்தான் வந்து பாத்து, பேசி முடிச்சிட்டுப் போனாங்க" என்றார். விதி என்று சொல்லிவிட்டு நான் திரும்பி நடந்தேன். பாய் ரிட்டயர் ஆன விருந்தில், எஸ்தரம்மாவும் உட்கார்ந்திருந்தபோதே இதைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த ஜோலார்பேட்டைக்காரரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று கிளம்புவார்கள், இல்லையா? லெட்டர் வருவதற்குள் பெண் வீட்டார் பாதி இளைத்துவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. தட்டைக் கீழே வைப்பதற்குள், "எனக்குப் புடிச்சிருக்கு, இங்கயே பேசிடலாம்" என்றாராம். எஸ்தரம்மாவே எனக்கு இதைச் சொன்னார், கல்யாணப் பத்திரிகையை என் மேஜையில் வைத்தபோது. "அவரு பாத்த கையோட எழுதிட்டாரு செலக்டரே." நல்ல மனிதர். அவரும் போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்கும் அப்புறம் ஒரு கல்யாணம் ஆனது. நான் சொல்வதில் பாதி பொய் என்று என் வீட்டம்மாவுக்குத் தெரியும். எந்தப் பாதி என்று கேட்டதில்லை.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். எண்பதுகளின் கடைசி. மெட்ராஸிலிருந்து லாரியில் வந்தது. அதை வைக்கச் சுவரை இடித்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. கதவை மட்டும் கழற்றினார்கள். பெட்டி ஒரு குளிரூட்டிய அறையில். அதிலிருந்து வயர் இழுத்து, செருப்புப் பகுதியில் ஒரு திரை, எதிர் அறையில் பேக்கிங்குக்கு ஒரு திரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை மட்டும். அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்க ஓர் இன்ஜினியர் தம்பி வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். சைதாப்பேட்டை என்று பிறகு தெரிந்தது. கார்டில் இருந்ததையெல்லாம் உள்ளே ஏற்றினார்கள். மரப்பெட்டி பழைய சாமான் அறைக்குப் போனது. இனி ஜன்னலில் வந்து யாரும் கேட்க வேண்டாம். திரையில் பார்த்து, பெயரைத் தட்டினால் சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டைக் காட்டினால் எஸ்தரம்மா ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியது மட்டும்தான்.

இரண்டாவது வாரமே பாய் ஒரு சீட்டோடு வந்து பிரவுன் லாட் ஒன்றை வாங்கிப் போனார். வெட்டியும் ஆயிற்று. மதியம் கோபால் அதே லாட்டுக்குச் சீட்டு வைத்துக்கொண்டு வந்தான். வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரி நின்றுகொண்டிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தால் அதில் கோபால் பெயர்தான் இருக்கிறது. பாய் பெயரே இல்லை. மேனேஜர் எஸ்தரம்மாவைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா. அதுல பேக்கிங்னு இருக்கு. நீங்கதான் மாத்திக் கொடுத்திருக்கீங்க."

"சீட்டப் பாத்துதான் சார் கொடுத்தேன்."

"பழைய சீட்டா இருக்கும். கவனக்குறைவுன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுடுங்க. வேற டிபார்ட்மெண்ட்ல பாத்துக்கலாம்."

அந்தக் காகிதத்தை நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால், பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறாத கை தவறியது என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். போடாவிட்டால் வேலை போகும். வீட்டில் இரண்டு குழந்தைகள். வீட்டுக்காரர் அப்போது காலில் அடிபட்டு ஆறு மாதமாகப் படுக்கையில். ஷாப் முழுக்க எல்லோருக்கும் தெரியும், அவர் போட்டுவிடுவார் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை மட்டும் நான் முன்னாடி சொல்லவில்லை.

எஸ்தரம்மா கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தார். "கையெழுத்து போடறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவ எனக்கு அதப் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு பேரு ஒரே நேரத்துல வந்தா அது இன்னா பண்ணுதுன்னு நான் பாக்கணும்."

மறுநாள் காலை பத்து மணி. செருப்புப் பகுதித் திரையில் பாய். பேக்கிங் திரையில் கோபால் உட்கார மாட்டேன் என்றான், அவனுக்குப் பயம். நான் உட்கார்ந்தேன். ஷாப்பில் கம்ப்யூட்டர் தொட்ட முதல் செலக்டர் நான்தான். இந்தியாவிலேயே என்றுகூடச் சொல்லலாம். இரண்டு அறைக் கதவுகளையும் திறந்து வைத்து, நடுவில் எஸ்தரம்மா நின்றார். அவர் பக்கத்தில் மேனேஜரும் இன்ஜினியர் தம்பியும்.

"ரெண்டு பேரும் அந்தக் கறுப்பு லாட்டப் பாருங்க. யாருக்குன்னு போட்டிருக்கு?"

"காலிம்மா" என்றார் பாய்.

"காலி" என்றேன் நான்.

"பாய், இப்ப உங்க பேர எழுதுங்க."

டக் டக் என்று தட்டினார். சீட்டு வந்தது. "வந்துடுச்சும்மா!"

"செலக்டரே, இப்ப நீங்க எழுதுங்க."

என் திரையில் இன்னும் காலி என்றுதான் இருந்தது. என் பெயரைத் தட்டினேன். எனக்கும் சீட்டு வந்தது. என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

"இப்ப ரெண்டு பேரும் மறுபடி பாருங்க."

"முனிரத்தினம்" என்றேன் நான்.

எதிர் அறையிலிருந்து பாயின் குரல்: "யோவ், எம் பேரு எங்கய்யா போச்சு? இப்பதான எழுதினேன்? சீட்டு கையில இருக்குது, ஆளக் காணோமே!"

இன்ஜினியர் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், கெட்டிக்காரப் பிள்ளை. "மேடம், பாத்துட்டுதான எழுதணும்? காலியா இருக்கான்னு தெரியாம எப்படி எழுதறது?" என்றார்.

"எழுதுங்க தம்பி. ஆனா பாக்கறது ஒரு வேலையாவும் எழுதறது ஒரு வேலையாவும் வச்சிருக்கீங்களே, நடுவுல கதவு தொறந்து கெடக்குது. அதுல ஒருத்தன் பூந்துட்டுப் போய்டறான். நான் கார்டுல விரல வச்சுக்கிட்டே எழுதுவேன். இதுக்கு விரல் இல்லையா?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எஸ்தரம்மா எடுத்துக் கொடுத்த ஒரு பழைய கார்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதி எங்களுக்கும் புரியவைத்தார். அந்தக் கம்ப்யூட்டரிடம் பேச ஒரு பாஷை உண்டாம். அதில் பார்க்க ஒரு கட்டளை. அதன் பெயர் செலக்ட். மாற்ற ஒரு கட்டளை. அதன் பெயர் அப்டேட். இவர் முதலில் செலக்ட் போட்டு, ஆள் பார்த்து முடித்த பிறகு தனியாக அப்டேட் போட்டிருக்கிறார். அந்த அப்டேட் போகும்போது கட்டம் இன்னும் காலியா என்று கேட்கவே இல்லை. யார் பெயர் இருந்தாலும் அதன் மேலேயே எழுதிவிட்டது.

எஸ்தரம்மா, "செலக்டுனா இன்னா தம்பி, பாக்கறது மட்டுமா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். எடுத்துக் காட்டும். எதையும் மாத்தாது."

எஸ்தரம்மா திரும்பி, திறந்த கதவு வழியாக என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா செலக்டரே? உங்க பேருதான். பாத்துட்டே இருக்குமாம். எழுதாதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு தம்பி இரண்டையும் ஒன்றாக்கினார். தனியாகப் பார்ப்பதே வேண்டாம். அப்டேட்டுக்குள்ளேயே கேள்வியைச் சேர்த்துவிட்டார்: இந்த எண் உள்ள லாட், அதில் 'யாருக்கு' காலியாக இருந்தால் மட்டும், இந்தப் பெயரை எழுது. ஒரே வரி. அந்த ஒரு வரி முடியும் வரை வேறு யாரும் அந்தப் பதிவுக்குள் கை வைக்க முடியாதாம். முடித்தவுடன், எத்தனை பதிவை மாற்றினேன் என்று அதுவே பதில் சொல்லும். ஒன்று என்றால் லாட் உன்னுடையது. பூஜ்யம் என்றால் உனக்கு முன்னால் ஒருவர் எழுதிவிட்டார், சீட்டு வராது. "அதான, விரல் இருக்குதே!" என்றார் எஸ்தரம்மா.

இன்னொரு லாட்டை எடுத்து மறுபடி செய்தோம். முதலில் பாய் தட்டினார். "ஒன்னு! ஒன்னு வந்துச்சு!" என்று கத்தினார். அடுத்து நான்.

"உங்களுக்கு இன்னா வந்துச்சு செலக்டரே?"

"பூஜ்யம்" என்றேன்.

நடையில் கூடியிருந்த தையல் பகுதிப் பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். என் பூஜ்யத்துக்குக் கிடைத்த கைதட்டல்போல் வேறு எதற்கும் எனக்குக் கிடைத்ததில்லை. மேனேஜர் அந்தக் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்து, கிழித்ததைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். குப்பைக் கூடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "ஸ்டோர் எப்பவும் போல உங்க பொறுப்புதான்மா" என்று மட்டும் சொன்னார். எஸ்தரம்மா பென்சிலை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு ரேக்குக்குத் திரும்பினார். கதவைத் தாண்டிய பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். போய் ஒரு தண்ணீர் டம்ளர் கொடுத்தேன். "கையெழுத்து போட்டுடலாம்னுதான் வந்தேன் செலக்டரே, காலையில" என்றார். "எனக்குத் தெரியும்" என்றேன். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிச் சிரித்தார்.

ரிட்டயர் ஆகும்வரை அந்த ஸ்டோர் அவருடையதாகவே இருந்தது. அப்புறம் எத்தனையோ கம்ப்யூட்டர் வந்து போயிருக்கும். ஆம்பூரில் இன்றைக்கும் ஒரு தோல் ஷாப்பில் யாராவது ஒரு பொத்தானை அழுத்தி ஒரு லாட்டைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டால், அதன் அடியில் எஸ்தரம்மாவின் விரல் இருக்கிறது என்பேன். உலகம் முழுக்க என்றுகூடச் சொல்வேன். நீங்கள் வேண்டுமானால் ஆம்பூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு மகள் உள்ளே கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தாள். "அம்மா பைபிளுக்குள்ள இருந்துச்சு அங்கிள். உங்க ஷாப் சமாச்சாரம் மாதிரி தெரியுது." இன்ஜினியர் தம்பி எழுதிக் காட்டிய அதே கார்டு. அவர் இங்கிலீஷில் எழுதிய ஒரு வரிக்குக் கீழே, எஸ்தரம்மா தன் கையால் பென்சிலில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்: காலியா இருந்தா எழுது, எழுதினியான்னு சொல்லு. அவ்வளவுதான். தம்பி ஒரு வரியில் சொன்னதை அவர் ஒரு மூச்சில் சொல்லியிருக்கிறார். திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் லாட் எண், நிறம், தரம், நான் பிரித்துக் கொடுத்த கணக்கு. எழுபதுகளின் கார்டு. யாருக்கு என்ற கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. அந்த லாட் எப்படியோ போய்த்தான் சேர்ந்திருக்கும். பெட்டி இருந்த பன்னிரண்டு வருடத்தில் அவர் நிரப்பாமல் விட்ட கட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது எந்த நாள் கார்டு என்று எனக்குத் தெரியும். நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அதையும், அவர் கேட்ட கேள்வியையும்.

மற்றதில் ஆட்டின் குணம், ஆளைத் தூக்கியது எல்லாவற்றையும் நீங்களே கழித்துக்கொள்வீர்கள். ஒன்றை மட்டும் நானே கழிக்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் வேலை நாளில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெண் பார்க்க வருவாரா? நாற்பது வருடமாக அந்தக் கதையைக் கேட்கிறீர்கள், ஒருவராவது கேட்டீர்களா? அவர்கள் வந்தது அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. நான் போய் நின்ற சனிக்கிழமை, யாரும் வந்திருக்கவில்லை, எதுவும் பேசி முடிக்கவில்லை. அது தெரிந்தும் பாயின் விருந்தில் எஸ்தரம்மா என்னை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்தக் கார்டில் விரலை வைத்துக்கொண்டு, பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு, சும்மா கேக்கறீங்களா செலக்டரே, எடுத்துக்க கேக்கறீங்களா என்று கேட்டார். அதுவரை உண்மை.

நான், "சும்மாதான்" என்றேன்.